பெருங்காயம் போடாத ரசம்

கணினிக்காரர்கள் 'ஆப்ஷனல்' என்று சொன்னால் நான் கொஞ்சம் உஷாராகிவிடுவேன். "இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் பரவாயில்லை" என்று அதற்கு அர்த்தம். யாருக்குப் பரவாயில்லை என்பதுதான் என் கேள்வி.

ஜாவா உலகில் அப்பாச்சி ஆன்ட் என்று ஒரு பழைய கருவி உண்டு. மூல நிரலிலிருந்து மென்பொருளைக் கட்டித் தருவது அதன் வேலை. அந்த ஆன்ட்டையே நாம் மூல நிரலிலிருந்து கட்டும்போது, வேறொருவர் எழுதிய சில ஜார் கோப்புகள் இருக்கின்றனவா என்று அது பார்க்கும். உதாரணமாக, கோப்புகளைப் பாதுகாப்பாக வேறு கணினிக்கு அனுப்ப ஜேஎஸ்சிஎச் என்ற நூலகம் வேண்டும். அது இல்லையென்றால், அது சம்பந்தப்பட்ட பகுதியை விட்டுவிட்டு மற்றதைக் கட்டும். கடைசியில் 'பில்ட் சக்ஸஸ்ஃபுல்' என்று சொல்லும். சொல்வது பொய்யல்ல, முழு உண்மையும் அல்ல.

பெருங்காயம் இல்லாமலும் ரசம் கொதிக்கும். இலையில் ஊற்றிய பிறகுதான் சங்கதி தெரியும். இங்கேயும் அப்படித்தான். சில மாதம் கழித்து யாரோ ஒருவர் கோப்பு அனுப்பப் போவார். அப்போது கருவி கையை விரிக்கும்.

அப்படி நேர்ந்தால் பதற வேண்டாம். பிழைச் செய்தியைக் கடைசி வரி வரை படியுங்கள். காணாமல் போனது ஆன்ட்டின் சொந்த வகுப்பா, வெளி நூலகத்தின் வகுப்பா என்று அதன் பெயரே சொல்லிவிடும். வெளி நூலகம் என்றால், அந்த ஜாரை ஆன்ட்டின் லிப் கோப்புறையில் போட்டால் போதும். ஆன்ட்டின் சொந்த வகுப்பே இல்லையென்றால் அது மட்டும் போதாது. கட்டும்போதே விடுபட்ட பகுதி அது. மூல நிரலில் உள்ள லிப் கோப்புறைக்குள் ஆப்ஷனல் என்ற உட்கோப்புறையில் ஜாரை வைத்து மறுபடியும் கட்ட வேண்டும். பலர் தடுமாறுவது இந்த இடத்தில்தான்.

எல்லோருக்கும் எல்லாம் தேவையில்லை. ஆகவே விட்டுவிடுவது தப்பில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். எது இருக்கிறது, எது இல்லை என்று பட்டியல் போட ஆன்ட்டிலேயே 'டயக்னாஸ்டிக்ஸ்' என்று ஒரு வசதியும் இருக்கிறது. ஆனால் கேட்டால்தான் சொல்லும். குறை இருப்பதே தெரியாதவர் எப்படிக் கேட்பார்?

என் கட்சி இதுதான்: வெற்றி என்று அறிவிக்கும் அதே இடத்தில், "இன்னின்னதை விட்டுவிட்டேன்" என்றும் நான்கு வரி இருக்க வேண்டும். கட்டுகிறவருக்கு அது ஒரு நிமிட வேலை. பின்னால் வருகிறவருக்கு ஒரு நாள் மிச்சம்.