திருட்டு ஆய்வேட்டைப் பிடிக்கச் சட்டம் இருக்கு, சொல்லிக்கொடுக்க நூலகர் எங்கே?



சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு தறிக்காரர் வீட்டுக்குப் போய், விசைத்தறியில் ஓட்டிய சேலையைக் காஞ்சிப் பட்டுன்னு விற்கிறது சரியான்னு கேட்டுப் பாருங்க. கோபம் வரும். வரணும். உடலையும் கரையையும் கோர்வையில் சேர்க்க அந்தக் குடும்பமே உட்கார்ந்து உழைக்குது. அந்த உழைப்புக்காகத்தான் காஞ்சிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு வந்தது. கைத்தறிக்கென்று சில ரகங்களை ஒதுக்கி 1985-லேயே சட்டமும் போட்டாங்க.

அதே வீட்டுப் பிள்ளை கல்லூரிக்குப் போறான். இறுதி ஆண்டில் புராஜெக்ட் கொடுக்கணும். கல்லூரி இருக்கிற எந்த ஊருக்கும் போங்க, ஜெராக்ஸ் கடை வாசலில் "புராஜெக்ட் செய்து தரப்படும்" என்று போர்டு தொங்கும். காசு கொடுத்தா பைண்டிங் போட்டு, பேர் அச்சடிச்சு, கையிலேயே கொடுத்துடுவாங்க. போன வருஷம் வேற ஒருத்தன் கொடுத்த அதே புராஜெக்ட். இதுவும் போலிப் பட்டு விற்கிற வேலைதான். ஆனா இதுக்கு நம்மில் யாருக்கும் கோபம் வர்றதில்லை.

பையனைத் திட்டுறதுக்காக இதை எழுதலை. அவனுக்கு யார் என்ன சொல்லிக்கொடுத்தாங்க என்பதுதான் நம்ம கேள்வி.

சட்டம் என்னமோ கடுமையாத்தான் இருக்கு. பல்கலைக்கழக மானியக் குழு 2018-ல் கருத்துத் திருட்டைத் தடுக்க விதிமுறை கொண்டுவந்தது. ஆய்வேட்டில் 10 சதவீதம் வரை ஒற்றுமை இருந்தா தண்டனை இல்லை. அதுக்கு மேல் 40 வரை போனா 6 மாதத்துக்குள் திருத்தித் தரணும். 40-க்கு மேல் 60 வரைன்னா ஒரு வருஷம் திருத்திய ஏட்டைக் கொடுக்கவே முடியாது. 60-ஐத் தாண்டினா பதிவே ரத்து. பேராசிரியர்களும் தப்ப முடியாது, ஊதிய உயர்வு போகும், ஆய்வு மாணவர்களை வழிநடத்தும் உரிமையும் சில வருஷம் போகும். அடுத்த ஆண்டே, முனைவர் பட்ட மாணவர்கள் ஆய்வு நெறி பற்றி 2 கிரெடிட் பாடம் படிக்கணும் என்றும் சொல்லிட்டாங்க.

நல்லது. ஆனா அந்தப் பாடம் யாருக்கு வருது, கவனிச்சீங்களா? முனைவர் பட்டத்துக்குப் பதிவு செஞ்சவங்களுக்கு மட்டும். இளங்கலையில் 3 வருஷம், முதுகலையில் 2 வருஷம் பார்த்து எழுதிப் பழகிய கைக்கு, ஆறாவது வருஷம் வந்து "மேற்கோள் குறி போடணும், யார் சொன்னதுன்னு எழுதணும்" என்று சொன்னா எப்படி? குடும்பத்தில் முதல் தலைமுறையா படிக்க வந்தவன்தான் இதில் முதலில் மாட்டுவான். வீட்டில் படிச்சவங்க இருக்கிற பிள்ளைக்கு அப்பாவோ சித்தியோ சொல்லிக்கொடுத்திருப்பாங்க. தறிக்காரர் பிள்ளைக்கு அந்த வசதி கிடையாது. அவனுக்குக் கல்லூரிதான் சொல்லித் தரணும். கல்லூரியில் அதுக்கென்றே படிச்ச ஆள் ஒருத்தர் உண்டு, அவர்தான் நூலகர்.

நூலகர்னா புத்தகத்தில் முத்திரை குத்தி, தேதி எழுதி, அபராதம் வாங்குறவர் என்று நம்மில் பலருக்கு நினைப்பு. இந்த நினைப்பை உடைச்சவரே நம்ம தமிழ்நாட்டுக்காரர். சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன், கணக்கு வாத்தியாரா இருந்து 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். லண்டனுக்குப் போய் நூலகப் பயிற்சி பெற்றுத் திரும்பினார். 1929-ல் சென்னை நூலகச் சங்கத்தின் சார்பில் நூலகர்களுக்குப் பயிற்சிப் பள்ளி தொடங்கினார். இரண்டே வருஷத்தில் பல்கலைக்கழகம் அதை ஏற்று நடத்த ஆரம்பிச்சது. நூல்கள் பூட்டி வைக்க இல்லை, பயன்படத்தான் என்பது 1931-ல் அவர் எழுதிய நூலின் முதல் விதி. வாசகரின் நேரத்தைக் காப்பாற்றணும் என்பதும் அவர் விதிதான். கடைசியில் தன் சேமிப்பிலிருந்து 1 லட்சம் ரூபாயை எடுத்து, அதே பல்கலைக்கழகத்தில் நூலக அறிவியல் பேராசிரியர் பதவிக்குக் கொடுத்தார். 1950-களில் 1 லட்சம் என்றால் என்ன மதிப்புன்னு கணக்குப் போட்டுக்கோங்க.

சுதந்திர இந்தியாவில் முதல் பொது நூலகச் சட்டம் 1948-ல் இந்த மாகாணத்தில்தான் வந்தது. இன்றைக்கும் நாம கட்டுற சொத்து வரியோடு நூலக வரியும் சேர்ந்துதான் போகுது. சின்ன காஞ்சிபுரத்தில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்து, இதே ஊர் நகராட்சி அலுவலகத்தில் கொஞ்ச காலம் எழுத்தராக இருந்த அண்ணா, "வீட்டிற்கோர் புத்தகசாலை" என்று வானொலியில் பேசினார். அவர் பேரில் கோட்டூர்புரத்தில் 2010-ல் நூற்றாண்டு நூலகம் வந்தது, மதுரையில் 2023-ல் இன்னொரு பெரிய நூலகம். பெருமைதான், மறுக்கலை.

ஆனா கல்லூரிக்குள் நிலைமை வேற. பல இடங்களில் நூலகர் ஓய்வு பெற்றதும் அந்த நாற்காலி காலியாவே கிடக்கு. ஏதாவது ஒரு துறைப் பேராசிரியருக்குக் "கூடுதல் பொறுப்பு" என்று ஒரு தாள் கொடுத்துடுவாங்க. அவர் பாடம் எடுப்பாரா, நூலகம் பார்ப்பாரா? மானியக் குழு விதிப்படி கல்லூரி நூலகர் உதவிப் பேராசிரியருக்குச் சமமான ஊதிய நிலை. முதுகலை நூலக அறிவியலில் 55 சதவீதம், அதோடு நெட் அல்லது செட் தேர்ச்சியும் வேணும். அவ்வளவு படிச்சவங்க வேலைக்குக் காத்திருக்காங்க, நாற்காலியும் காத்திருக்கு. இரண்டையும் சேர்த்து வைக்கத்தான் ஆள் இல்லை.

ஒன்றிய அரசு 2024 நவம்பரில் "ஒரே நாடு ஒரே சந்தா" திட்டத்துக்கு 3 ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கியது. 30 பதிப்பகங்களின் சுமார் 13,000 ஆய்விதழ்கள், 6,300 அரசு நிறுவனங்களுக்கு. கேட்க நல்லா இருக்கு. ஆனா அந்த 13,000-ல் தனக்கு வேண்டியதை எப்படித் தேடுறதுன்னு மாணவனுக்கு யார் காட்டுவாங்க? பாஸ்வேர்டு கொடுத்தா படிப்பு வந்துடுமா?

இப்போ சாட்ஜிபிடி வேற. கேட்டதும் பத்துப் பக்கம் கொட்டுது, கீழே மேற்கோள் பட்டியலும் சேர்த்து. அந்தப் பட்டியலில் சில நூல்கள் உலகத்திலேயே கிடையாது! ஒற்றுமைச் சதவீதம் பார்க்கிற மென்பொருளுக்கு இது சிக்காமலே போகலாம், ஏன்னா இது யாரிடமிருந்தும் வரிக்கு வரி எடுத்ததில்லை. "இந்தப் புத்தகம் எங்கே இருக்கு, எடுத்துக் காட்டு" என்று கேட்கத் தெரிந்தவர் நூலகர்தான்.

அதனால் நம் கோரிக்கை இது. அரசு, அரசு உதவி பெறும் கல்லூரிகளில் காலியாக உள்ள நூலகர் பணியிடங்களை முழுநேரமாக நிரப்பணும். தேடுவது, குறிப்பெடுப்பது, சொந்த வார்த்தையில் எழுதுவது, எடுத்த இடத்தைச் சொல்வது, இவற்றை முதல் பருவத்திலேயே நூலகரே நடத்தும் பாடமா வைக்கணும். தமிழ்வழி மாணவர்களுக்குத் தமிழிலேயே நடத்தணும், தமிழிலேயே கையேடும் தரணும்.

மாவட்ட மாணவர் அணித் தோழர்களுக்கு ஒரு வேலை. உங்க ஊர்க் கல்லூரிக்குப் போங்க. நிரந்தர நூலகர் இருக்காரா, எப்போதிலிருந்து இல்லை, நூலகம் மாலை எத்தனை மணி வரை திறந்திருக்கு, மாணவர்கள் அலமாரிக்கே போய்ப் புத்தகம் எடுக்க முடியுதா என்று கேட்டு எழுதிக் கொண்டு வாங்க. யாரிடமும் சண்டை போட வேண்டாம், தகவல் மட்டும் போதும். கல்லூரி வாரியாகத் தொகுத்து, மனுவோடு உயர்கல்வித் துறைக்குக் கொண்டுபோவோம். காஞ்சிபுரத்திலிருந்தே தொடங்குவோம்.