டிரவுட் மீனுக்கு எந்த ஃப்ளை?... ஓடைக் கல்லைப் புரட்டினால் பதில் கிடைக்கும்!

கேள்வி: ''என் மகன், இமாசலப் பிரதேச மாநிலம் குலு பகுதியில் உள்ள ஒரு தங்கும் விடுதியில் வேலை பார்க்கிறான். செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் டிரவுட் மீன் பிடிக்க வருபவர்கள், 'எந்த ஃப்ளை போடலாம்?' என்று அவனிடம்தான் கேட்கிறார்களாம். அவனுக்கு என்ன சொல்வது?''

- வாசகர் ஒருவர், ஈரோடு மாவட்டம்.

பதில்: ஃப்ளை என்பது உயிருள்ள இரை அல்ல. தூண்டில் முள்ளில் இறகு, முடி, நூல் ஆகியவற்றைச் சுற்றி, பூச்சியைப் போலவே கட்டும் பொய் இரை. டிரவுட், குளிர்ந்த தெளிந்த நீரில் வாழும் மீன். கண்ணால் பார்த்துத்தான் இரை எடுக்கும். அது அன்றைக்கு எதைத் தின்கிறதோ, அதைப் போன்ற ஃப்ளையைப் போட்டால்தான் கவ்வும்.

அது என்ன தின்கிறது என்பதை அறிய ஒரு நல்ல வழி, ஓடையில் இறங்கி நாலைந்து கற்களைப் புரட்டிப் பார்ப்பதுதான். கல்லின் அடியில் வால்போல மூன்று இழைகளோடு சின்னச் சின்னப் பூச்சிகள் ஒட்டியிருந்தால், அவை பெரும்பாலும் 'மே ஃப்ளை' பூச்சியின் இளங்குஞ்சுகள். மணலையும் குச்சியையும் ஒட்டிக் கூடு கட்டி, அதற்குள் புழு இருந்தால் அது 'காடிஸ்'. எது அதிகம் இருக்கிறதோ, அதன் நிறத்துக்கும் அளவுக்கும் பொருந்தும் ஃப்ளையை எடுக்க வேண்டும்.

மழைக்காலம் முடிந்ததும் அங்கே தண்ணீர் குறைந்து, கண்ணாடிபோலத் தெளிந்துவிடும். மீன் நம்மையும் பார்த்துவிடும். தடித்த நரம்பையும் பார்த்துவிடும். அதனால் மெல்லிய நரம்பு, சின்ன ஃப்ளை என்பதுதான் இந்தப் பருவத்துக்கான பொது விதி. தூண்டில் முள்ளில் எண் கூடக் கூட அளவு சிறியது என்பதை நினைவில் வையுங்கள்.

மே ஃப்ளைக்கு 16 முதல் 20 வரை எண்ணுள்ள முள் போதும். நீரின் மேலே மிதக்க விட 'ஆடம்ஸ்', நீருக்குள் இறக்க 'பெசன்ட் டெயில்' ஆகிய ஃப்ளைகள் பொருந்தும். காடிஸ் பறந்தால் 14, 16 எண்ணில் 'எல்க் ஹேர் காடிஸ்'. கரையில் புல் மண்டிய இடமாக இருந்தால், காற்றில் தவறி விழும் வெட்டுக்கிளி, எறும்பு, வண்டு போன்ற ஃப்ளைகள் உறைபனி விழும் வரை கைகொடுக்கும். காலையில் தண்ணீர் மிகவும் குளிர்ந்திருக்கும். வெயில் ஏறி, பூச்சி பறக்க ஆரம்பித்த பிறகு தூண்டில் போடுவது நல்லது.

இனி, முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். அந்த ஓடைகளில் உள்ள பழுப்பு டிரவுட், குளிர் தொடங்கும்போது முட்டையிடும். அதற்கு முந்தைய வாரங்களில் ஆண் மீன்களுக்கு மூர்க்கம் அதிகம். குட்டி மீன்போலக் கட்டிய 'வூலி பக்கர்' போன்ற பெரிய ஃப்ளையைப் போட்டால் பாய்ந்து கவ்வும். சுலபமாகக் கிடைக்கிறதே என்று பிடித்துக்கொண்டே இருந்தால், விதைநெல்லைச் சோறாக்கின கதைதான். நவம்பர் 1 முதல் பிப்ரவரி இறுதி வரை அங்கே டிரவுட் பிடிக்கத் தடை இருப்பதற்குக் காரணமே இதுதான். மற்ற மாதங்களிலும் மீன்வளத் துறையின் உரிமம் வாங்கித்தான் பிடிக்க வேண்டும்.

அக்டோபர் கடைசியில் ஆழமில்லாத சரளைக்கல் பகுதியில், ஒரு திட்டு மட்டும் பாசியில்லாமல் பளிச்சென்று தெரிந்தால், பெண் மீன் வாலால் பறித்த குழியாக இருக்கலாம். அதில் கால் வைத்தால், உள்ளே உள்ள முட்டைகள் நசுங்கும். முள்ளின் எதிர்க்கொக்கியைக் குறடால் நசுக்கிவிட்டால், மீனைக் காயமில்லாமல் திருப்பி விடலாம். வருகிறவர்களுக்கு இதையும் உங்கள் மகன் சொல்லட்டும். ஓடையில் மீன் இருக்கும் வரைதான் விடுதிக்கும் ஆள் வரும்.

'மீன் பிடிக்காத நமக்கு இது எதற்கு?' என்று மற்ற வாசகர்கள் நினைக்கலாம். நம் நீலகிரி அவலாஞ்சியிலும் 1907-ம் ஆண்டிலிருந்தே டிரவுட் குஞ்சு பொரிப்பகம் உண்டு. அதைவிட, கல்லைப் புரட்டும் இந்தப் பாடம் எல்லா ஊர் ஓடைக்கும் பொருந்தும். நீரில் பூச்சிக்கொல்லி கலந்தால், மீனுக்கு முன்பே காணாமல் போவது கல்லுக்கு அடியில் இருக்கும் இந்தப் பூச்சிகள்தான். தெளிப்பான் டேங்க்கை ஓடையில் கழுவாதீர்கள். உங்கள் ஊர் ஓடையிலும் ஒரு கல்லைப் புரட்டிப் பாருங்கள். பூச்சி இருந்தால், தண்ணீருக்கு இன்னும் உயிர் இருக்கிறது.