குளிர்ச்சி மட்டும் போதாது

ஏ.சி. போட்ட மளிகைக் கடையிலும் மழைக்காலத்தில் வெல்லம் கசிகிறது, மிளகாய் வற்றலில் பூஞ்சணம் பூக்கிறது. காரணம், பல கடைகளில் தேவைக்கு மீறிய டன் ஏ.சி.தான். உள்ளிருக்கும் குளிர்ந்த சுருளில் காற்றின் ஈரம் நீராகி வடிய நேரம் வேண்டும். பெரிய ஏ.சி. கடையைச் சட்டெனக் குளிர்வித்துவிட்டுக் கம்ப்ரசரை நிறுத்திவிடுகிறது. ஈரம் அப்படியே தங்கிவிடுகிறது. எனவே, வணிகப் பெருமக்களே, விற்பவர் பேச்சைக் கேட்டு டன்னைக் கூட்டாதீர்கள். கடையின் நீள அகலம், வெயில், ஆள் நடமாட்டம் பார்த்து வாங்குங்கள். ஓர் ஈரப்பதமானியும் மாட்டி வையுங்கள். அது 60 சதவீதத்தைத் தாண்டினால் கதவை அடைத்து, 'டிரை' முறையில் ஓட்டுங்கள். சரக்கு கெட்டால் நட்டம் நமக்குத்தான், ஏ.சி. விற்றவருக்கு அல்ல.