ஆவடிக்கு எதற்குப் பனிக்கூரை?

மாடல் ரயில் ஓட்டுகிறவர்களுக்கு இங்கே ரயில் கிடைத்துவிடுகிறது, ஊர்தான் கிடைப்பதில்லை. ஜெர்மனியின் கருங்காட்டில் 1946-இல் தொடங்கிய ஃபாலர் நிறுவனத்தின் ‘கிட்’டைப் பிரித்தால், பனி சரிந்து விழுவதற்கென்றே செங்குத்தாகக் கூரை வைத்த வீடு. அமெரிக்காவின் வால்தர்ஸ் என்றால் தானியக் கிடங்கு. 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து கிளம்பிய தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் போன தடத்தில், அம்பத்தூரும் ஆவடியும் இருக்கும் தடத்தில், இதையா நட்டு வைப்பது? நம் அகலப்பாதை 1,676 மி.மீ. 87-இல் ஒரு பங்கு என்ற ஹெச்ஓ அளவில் அது 19 மி.மீ.யைத் தாண்ட வேண்டும். கடையில் விற்கும் தண்டவாளம் 16.5 மி.மீ.தான். அதைக்கூட மன்னிக்கலாம், பனிக்கூரையை முடியாது. நமக்கு வேண்டியது ஆஸ்பெஸ்டாஸ் போட்ட டீக்கடை, கேட்கீப்பர் அறை, வெற்றிலைக் கறை படிந்த நடைமேம்பாலப் படி, மும்மொழி மஞ்சள் பலகை. மூன்று மீட்டர் பலகை மூன்றரை சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடும். அட்டையும் ஃபெவிகாலும் போதும். லேசரில் வெட்டித் தர அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் ஆளா இல்லை? வரைபடம் போட்டுத் தரத்தான் ஆளில்லை. ஐ.சி.எஃப். ரயில் அருங்காட்சியகமே ஆவடி ஸ்டேஷனை வெட்டி ஒட்டும் அட்டையாக அச்சடித்து ஐம்பது ரூபாய்க்கு விற்கலாம். முதல் பிரதி எனக்கு.