மாணவர்களை வரப்போடு நிறுத்திவிடாதீர்கள்

வேளாண் கல்லூரிகளின் இறுதியாண்டு மாணவர்கள் ஊரக வேளாண் பணி அனுபவத் திட்டத்தில் கிராமங்களுக்கு வருகிறார்கள். கோலப்பொடியில் ஊர் வரைபடம் போடுகிறார்கள். முட்டை மிதக்கும் அளவுக்கு உப்பைக் கரைத்து, விதைநெல்லில் பதரைப் பிரித்துக் காட்டுகிறார்கள். கிலோவுக்கு 10 கிராம் சூடோமோனாஸ் கலந்து விதைநேர்த்தி செய்கிறார்கள். பேனர் பிடித்துப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். பல இடங்களில் அத்துடன் முடிந்துவிடுகிறது.

செயல்விளக்கத்தைக் குறை சொல்வதற்கில்லை. உப்புக் கரைசலில் இருந்து எடுத்த விதையை நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலச வேண்டும் என்பது இன்னும் நினைவூட்ட வேண்டிய விஷயம்தான். ஆனால், அனுபவம் பெற வந்தவர் மாணவர். அவருக்கு என்ன கிடைத்தது?

நாற்று முதிர்ந்தால் தூர் குறையும் என்று பாடத்தில் படித்திருப்பார். அது தெரிந்த விவசாயியே ஏன் முதிர்ந்த நாற்றை நடுகிறார்? முறைத் தண்ணீர் வந்த நாளில் உழவுக்கு டிராக்டர் கிடைக்கவில்லை. டிராக்டர் வந்த நாளில் நடவுக்கு ஆள் இல்லை. இது வயலில் இருந்தால்தான் புரியும். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டியதால் நெல்லைக் கொட்டிக் காயவைத்து, மழை மேகத்தைப் பார்த்தபடி காத்திருக்கும் விவசாயியோடு ஒரு நாள் இருந்தாலே போதும், அறுவடைக்குப் பின்சார் நுட்பம் மறக்காது. நாளை வேளாண் விரிவாக்க மையத்திலும் வங்கியின் பயிர்க்கடன் பிரிவிலும் உட்காரப்போவது இவர்களில் சிலர்தான்.

விரிவாக்க அலுவலர்களுக்கு ஒரு வேண்டுகோள். சாலையோரம் தோட்டம் வைத்திருக்கும் அதே முன்னோடி விவசாயியிடமே ஒவ்வோர் ஆண்டும் மாணவர்களை அனுப்பாதீர்கள். அவரும் பாவம், எத்தனை முறைதான் படத்துக்கு நிற்பார்! மானாவாரி விவசாயி, குத்தகைதாரர், தனியாக ஆடு மாடு வைத்துப் பிழைக்கும் பெண்கள் ஆகியோரிடமும் அனுப்புங்கள். கல்லூரிகளும் பதிவேட்டின் அழகைப் பார்த்து மதிப்பெண் போடுவதைக் குறைத்து, ஒரு ஏக்கரின் வரவு செலவை மாணவர் சரியாக எழுதியிருக்கிறாரா என்று கேட்கலாம். அதில் வீட்டாரின் உழைப்புக்கும் கூலி போட்டிருக்கிறாரா என்பதையும் பார்க்க வேண்டும்.

விவசாயிகளும் டீ கொடுத்து அனுப்பிவிட வேண்டாம். மடை திறக்கவும் களை எடுக்கவும் இறக்கிவிடுங்கள். கணக்கு நோட்டைக் காட்டுங்கள். மஞ்சளாகிப்போன பயிரைக் காட்டிக் காரணம் கேளுங்கள். தெரியாது என்று சொன்னால், பேராசிரியரைக் கேட்டுவிட்டு அடுத்த வாரம் வந்து சொல்லச் சொல்லுங்கள்.