மொட்டை மாடியில் நெபுலா: கம்ப்யூட்டர் எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது?

நெபுலாவைப் படம் எடுக்க மலை உச்சிக்குத்தான் போக வேண்டும் எனப் பலரும் எண்ணுகின்றனர். காவலூரில் 2.34 மீட்டர் வைனு பாப்பு டெலஸ்கோப் 1986 முதல் இருக்கிறது, உண்மைதான். ஆனால் துறைமுகப் பக்கத்து வெளிச்சமும் தூசியும் சூழ்ந்த மூலக்கொத்தளம் மொட்டை மாடியிலிருந்தும் ஒரு நெபுலாவைப் பிடிக்கலாம்.

அது ஓரியன் நெபுலா. திருவாதிரை நட்சத்திரம் உள்ள அதே மண்டலத்தில், சுமார் 1,300 ஒளியாண்டு தூரத்தில், புதிய நட்சத்திரங்கள் பிறக்கும் வாயு மேகம். ஜனவரி, பிப்ரவரி இரவுகளில் சென்னையில் இது 70 டிகிரி உயரத்துக்கு மேல் ஏறுகிறது. லண்டனில் 35 டிகிரியைக்கூடத் தாண்டாது. உச்சிக்கு அருகில் இருப்பதால் குறைந்த தூசிப் படலத்தின் வழியே பார்க்கிறோம். இது நமக்குக் கிடைத்த சலுகை.

1880இல் ஹென்றி டிரேப்பர் இதை முதன்முதலாகப் படம் எடுத்தபோது ஒரே பிளேட்டுக்கு 51 நிமிடம் தேவைப்பட்டது. நகர வெளிச்சத்தில் அவ்வளவு நேரம் ஷட்டரைத் திறந்து வைத்தால் படம் வெளுத்துவிடும். எனவே மோட்டார் பொருத்திய சிறிய டெலஸ்கோப்பில் டிஜிட்டல் கேமராவை மாட்டி, பத்துப் பத்து விநாடியாக 100 படங்கள் எடுங்கள். டீப்ஸ்கை ஸ்டாக்கர், சிரில் ஆகிய புரோகிராம்கள் இலவசம். இவை படங்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிச் சராசரி எடுக்கும். புள்ளி புள்ளியான இரைச்சல் பத்தில் ஒரு பங்காகக் குறையும். லென்ஸை மூடி அதே பத்து விநாடிக்குச் சில படங்கள் எடுத்துத் தந்தால், சூட்டினால் சென்சாரில் வரும் போலிப் புள்ளிகளும் கழிந்துவிடும். நம் ஊர்ப் புழுக்கத்துக்கு இது அவசியம். ஹார்ட் டிஸ்கில் மட்டும் சில ஜிபி இடம் ஒதுக்குங்கள்.

இப்போது சிலர் ஒரே மங்கலான படத்தைச் செயற்கை நுண்ணறிவு புரோகிராமிடம் கொடுத்துப் பளபளக்க வைக்கின்றனர். இதை நான் ஏற்கவில்லை. அடுக்குவது, கேமராவில் விழுந்த ஒளியிலிருந்து குப்பையை நீக்கும் வேலை. இதுவோ விழாத ஒளியைச் சேர்க்கும் வேலை. அப்படி வரும் படம் ஓரியனுடையது அல்ல. அந்தப் புரோகிராம் முன்பு பார்த்த மற்றவர்களின் படங்களுடையது.

உங்கள் படம் சற்று மங்கலாகவே இருக்கட்டும். அந்த ஒளி 1,300 ஆண்டுகள் பயணம் செய்து உங்கள் மாடிக்கு வந்தது. அதன் அசல் பைல்களை அழிக்காமல் வைத்திருங்கள்.