வெற்றுக் கொப்பிகளைக் கட்டியது போதும்

கையால் புத்தகம் கட்டுவது இப்போது எங்கள் வயதுக்காரர் பலருக்குப் பிடித்த பொழுதுபோக்காகிவிட்டது. சந்தோசம். கைபேசியை ஒரு மணித்தியாலம் கீழே வைக்கச் செய்யும் எதையும் நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் கட்டப்படுபவற்றைப் பார்த்தால் கோபம்தான் வருகிறது. பெரும்பாலானவை புத்தகங்களே இல்லை.

துணி ஒட்டிய அட்டை, மெழுகு பூசிய நூலில் தையல், அதைச் சொருகி வைக்க அளவெடுத்துச் செய்த ஸ்லிப்கேஸ். அட்டையில் ஒரு கோலம், இல்லாவிட்டால் பெரிதாக ஒரு ‘அ’. திறந்து பாருங்கள்: வெள்ளைத் தாள். படம் எடுத்துப் போட்டாயிற்று, பாராட்டு வந்தாயிற்று, கொப்பி அலுமாரிக்குப் போயாயிற்று. எழுதினால் வடிவு கெட்டுவிடும் என்று அதில் யாரும் எழுதுவதும் இல்லை. தமிழில் நூல் என்றால் இழையும்தான், புத்தகமும்தான் என்று பெருமையாகச் சொல்லுகிறோம். நாங்கள் கட்டுவதில் இழை மட்டும்தான் இருக்கிறது.

பழகும்போது முதல் இரண்டு மூன்று வெறுமையாக இருக்கட்டும். கை பழகிய பிறகும் வெற்றுக் கொப்பியே கட்டுவது, சமைக்கப் பழகிவிட்டுச் சட்டிகளை மட்டும் மினுக்கி அடுக்கி வைப்பது போன்றது.

உள்ளே எதை வைப்பது என்கிறீர்களா? உங்கள் வீட்டில் இருக்கிறது. கட்டிலுக்குக் கீழே, பிஸ்கட் ரின்னுக்குள், அம்மாவின் பழைய கைப்பைக்குள். ஊரிலிருந்து வந்த நீல வான்கடிதங்கள். அப்பா அகதி முகாமில் எழுதிய டயரி. ஒடியற்கூழுக்கு அம்மம்மா சொன்ன அளவுகளை யாரோ கடித உறையின் பின்பக்கத்தில் கிறுக்கி வைத்தது. பெரியப்பா அனுப்பிக்கொண்டே இருக்கும் குரல் பதிவுகள். இவற்றை எந்த நூலகத்திலும் இரவல் வாங்க முடியாது, எந்தக் கடையிலும் வாங்க முடியாது.

எங்களிடம் வீட்டுப் புத்தக மரபு இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இருக்கிறது. அதன் பெயர் கல்வெட்டு. ஒருவர் இறந்து 31ஆம் நாள் வீட்டுக்கு வருபவர்களின் கையில் கொடுப்பார்களே, முன்பக்கத்தில் படமும் உள்ளே தேவாரமும் வாழ்க்கை வரலாறும் போட்ட அந்தச் சிறு புத்தகம். எங்கள் சமூகத்தில் சாதாரண மனிதர் ஒருவரைப் பற்றி ஒரு புத்தகம் வருவது அப்போதுதான். அதையும் துயரத்தோடும் அவசரத்தோடும் எழுதுகிறார்கள். இன்னாரின் மகளாகப் பிறந்தார், இந்தப் பாடசாலையில் படித்தார், இன்னாரைக் கைப்பிடித்தார், இத்தனை பிள்ளைகளைப் பெற்றார். அவர் எதற்குச் சிரிப்பார், யாரோடு கோபம், எந்த மழையில் எந்த வீட்டை விட்டு ஓடினார் என்பதெல்லாம் அதில் வராது. கேட்டு எழுத ஆள் இல்லை.

கல்வெட்டை நான் பழிக்கவில்லை. நூலகம் இணையத்தளம் அப்படிப்பட்ட நினைவு மலர்களையும் தேடிச் சேர்த்து வைத்திருக்கிறது, அதில் காரணம் இருக்கிறது. என் கேள்வி ஒன்றுதான். ஊசி, நூல், பசை எல்லாம் கையில் வைத்துக்கொண்டு, அம்மம்மா உயிரோடு இருக்கும்போது வெள்ளைத் தாளைத் தைத்துக்கொண்டிருக்கிறோமே, ஏன்?

“பொழுதுபோக்கைப் பொழுதுபோக்காக விடு, அதிலும் தமிழ்க் கடமையா?” என்று சிலர் கேட்பது எனக்குக் கேட்கிறது. நியாயமான கேள்வி. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளி, பேச்சுப் போட்டி, நடன வகுப்பு என்று வளர்ந்தவர்களுக்குக் கடமை என்ற சொல்லே அலுத்துவிட்டது. ஆனால் நான் திருக்குறளைக் கட்டச் சொல்லவில்லை. அதற்கு ஆயிரம் பதிப்பாளர் இருக்கிறார்கள். உங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மாமா போட்ட பகிடிகளைக் கட்டுங்கள். அம்மா கதைக்கும் ஜெர்மன் கலந்த தமிழுக்கு ஓர் அகராதி கட்டுங்கள். சிரிப்பாக இருக்கட்டும், சின்னதாக இருக்கட்டும். உங்களைத் தவிர வேறு யாராலும் செய்ய முடியாததாக இருந்தால் போதும்.

“எனக்குத் தமிழ் வாசிக்க வராது” என்பவர்களுக்கு இந்த வேலை இன்னும் பொருந்தும். கடிதத்தை அம்மாவிடம் கொடுத்து உரக்க வாசிக்கச் சொல்லுங்கள், பதிவு செய்யுங்கள். இடது பக்கத்தில் கடிதத்தின் படம், வலது பக்கத்தில் நீங்கள் விளங்கிக்கொண்டது, உங்களுக்கு வரும் மொழியில். அந்தக் கையெழுத்தை வாசிக்கத் தெரிந்தவர்கள், அதில் வரும் பட்டப்பெயர்கள் யாருடையவை என்று தெரிந்தவர்கள், ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். பசை பிறகும் வாங்கலாம். அவர்களைப் பிறகு கேட்க முடியாது.

“ஸ்கேன் செய்து வைத்தாயிற்று” என்பது அடுத்த சமாதானம். ஸ்கேன் செய்யத்தான் வேண்டும். ஆனால் கடவுச்சொல் உங்களுக்கு மட்டும் தெரிந்த கணக்கில், ஒன்பதாயிரம் படங்களுக்கு நடுவில் கிடக்கும் கடிதத்தை யார் தேடிப் பார்க்கப்போகிறார்கள்? மேசையில் கிடக்கும் புத்தகத்தை வீட்டுக்கு வரும் சின்னப் பிள்ளையும் எடுத்துப் புரட்டும்.

ஒரு பிரதி மட்டும் போதாது என்பதையும் எங்களுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. ஓலை என்றென்றைக்கும் தாங்காது. யாராவது திரும்பத் திரும்பப் படியெடுத்ததால்தான் பழைய நூல்கள் பிழைத்தன. படியெடுக்காதவை போயின. சிறுப்பிட்டியில் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை 1887இல் கலித்தொகையை அச்சேற்றியது ஏடுகள் கண்முன்னே உதிர்ந்துகொண்டிருந்த காலத்தில். 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகத்தை எரித்தபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. அவற்றில் வேறெங்கும் பிரதி இல்லாதவையும் இருந்தன. ஆகவே ஐந்து பிரதி கட்டுங்கள். ரொறன்ரோவில் ஒன்று, லண்டனில் ஒன்று, பரிசில் ஒன்று, ஒஸ்லோவில் ஒன்று, சிட்னியில் ஒன்று. சிதறிப்போனோம் என்று கவலைப்படுகிறோமே, அந்தச் சிதறல் இந்த ஒரு விசயத்திலாவது உதவட்டும்.

கட்டுவதென்றால் ஒழுங்காகக் கட்டுங்கள். தாளுக்கு நார்ப்போக்கு உண்டு. மெதுவாக இரண்டு பக்கமும் வளைத்துப் பாருங்கள், இலகுவாக வளையும் பக்கம்தான் அது. புத்தகத்தின் முதுகுக்கு இணையாக நார் ஓட வேண்டும். கடையில் வாங்கும் ஏ4 தாளில் பொதுவாக அது நீளப்பக்கமாக ஓடும். அதை மடித்து ஏ5 புத்தகம் செய்தால் நார் குறுக்கே போய்ப் பக்கங்கள் விறைத்து நிற்கும். நீளப்பக்கம் நார் ஓடும் ஏ3 தாளை இரண்டாக வெட்டி எடுத்தால் சரிவரும். நான்கு தாளைச் சேர்த்து மடித்தால் 16 பக்கம், ஆறு மடிப்பைச் சேர்த்துத் தைத்தால் 96 பக்கம். ஒரு அம்மம்மாவுக்கு அது தொடக்கத்துக்குப் போதும்.

மூலக் கடிதங்களைத் தைக்காதீர்கள், ஒட்டாதீர்கள். செலோடேப் மஞ்சளாகிக் கறை பிடிக்கும். லமினேட் செய்தால் திரும்பப் பிரிக்க முடியாது. வெள்ளைப் பிவிஏ பசை அட்டைக்கு நல்லது, கடிதத்துக்கு ஆகாது. புத்தகத்துக்குள் படம் போகட்டும், மூலத்தை அமிலமற்ற தாளில் செய்த மடிப்புறைக்குள் வையுங்கள்.

ஸ்லிப்கேஸுக்கு இங்கேதான் உண்மையான வேலை வருகிறது. இரண்டு பக்கம், மேல், கீழ், பின் என்று ஐந்து அட்டைத் துண்டுகள்தான் அது. புத்தகமும் அந்த மடிப்புறையும் அருகருகே போகும் அகலத்துக்கு வெட்டுங்கள். இறுக்கமாக இருந்தால் சொருகும்போதெல்லாம் அட்டை உராயும், தளர்வாக இருந்தால் புத்தகம் வழுக்கி விழும். முதுகு வெளியே தெரிவதால் வெயிலில் நிறம் மங்கும், யன்னலோரம் வைக்காதீர்கள். வெள்ளைத் தாளைப் பாதுகாக்க இத்தனை பாடு எதற்கு? ஒரே ஒரு கடிதம் உள்ளே இருந்தால் அத்தனை பாடும் தகும்.

இந்த ஞாயிறு குத்தூசியைத் தொடுவதற்கு முன் ஒரு கடிதத்தை எடுத்துக்கொண்டு அம்மம்மாவுக்குத் தொலைபேசி எடுங்கள். “இதில ‘அவர்’ எண்டு எழுதியிருக்கிறீங்களே, அது ஆர்?” என்று கேளுங்கள். அவர் சொல்லத் தொடங்கியதும் எழுதுங்கள். முதல் பக்கம் அதுதான்.